பொம்மை என்று பதிவானவள்

காரின் பதிவில் அழகுசுந்தரி மனிதராக இல்லை.

கன்டெய்னர் ஆபீஸின் சுவரில் திரை மாட்டியிருந்தார்கள். காரின் கண் பார்த்த சாலை அதில் ஓடியது. இரண்டு பக்கமும் கரிசல் காடு, தூரத்தில் காற்றாலைகள், நடுவில் ஆரஞ்சுக் கோன்கள். கோன்களுக்கு முன்னால் ஹெல்மெட்டும் மஞ்சள் கோட்டும் போட்டுக்கொண்டு சுந்தரி நின்றாள். சிவப்புக் கொடி உயர்ந்தது, இறங்கியது, உயர்ந்தது. அவளைச் சுற்றி கார் ஒரு சாம்பல் கட்டம் போட்டிருந்தது. கட்டத்தின் தலையில் ‘பொம்மை’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ‘உறுதி 99’.

மோதுவதற்குச் சற்று முன் நிரஞ்சன் படத்தை நிறுத்தினான்.

“இதுக்கு மேல வேண்டாம்,” என்றான். கார் கம்பெனி அவனை பெங்களூரிலிருந்து அனுப்பியிருந்தது. “வண்டி தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கு. மனுஷங்கன்னு தெரிஞ்சா எங்க வண்டி நின்னே தீரும். பொம்மைக்கு நிக்காது.”

“அப்ப அவ பொம்மையா?” என்று கேட்டாள் செண்பகவல்லி.

சுந்தரியோடு கொடி பிடித்தவள் என்பதால் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். உட்காரச் சொல்லவில்லை. நாற்காலிகளில் மேனேஜர் கோகுலகிருஷ்ணனும் நிரஞ்சனும் இருந்தார்கள். பாதுகாப்பு அதிகாரி மெர்சி லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி கதவோரம் நின்றாள். இயற்பியல் படித்துவிட்டு நேராக வேலைக்கு வந்த பெண். மேனேஜரிடம் பேச வேண்டியிருந்தால் தன் ஷூவைப் பார்த்துத்தான் பேசுவாள்.

“நான் அப்படிச் சொல்லல,” என்றான் நிரஞ்சன். “வண்டிக்கு அப்படித் தெரிஞ்சிருக்கு.”

“வண்டிக்கு அப்படித் தெரிஞ்சா, அவ பெத்த பிள்ளைக்கும் அப்படியே சொல்லிரலாமா சார்?”

“செண்பகம், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு,” என்றார் மேனேஜர். “அன்னிக்கு அவ ஒழுங்கா நின்னாளா, இல்லையா?”

“ஒழுங்காத்தான் நின்னா. அன்னைக்கு மாதிரி அவ ஒருநாளும் நின்னதில்ல.”

மேனேஜருக்குப் பின்னால் ஷெல்ஃபில் ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் இருந்தது. மூடியில் சுந்தரியின் பெயர் வெட்டியிருந்தது. நூறு மார்க் வாங்குகிறவர்களுக்குக் கம்பெனி தரும் பரிசு. அவள் முதன்முதலாக நூறைத் தொட்ட காலையிலேயே ஆர்டர் தானாகப் போய்விட்டது. பரிசு வந்து சேர்ந்தபோது அவள் இல்லை.

*

ஓட்டுநர் இல்லாத வண்டிகள் வந்த புதிதில், சாலை வேலை நடக்கும் இடங்களில் மோட்டார் பொம்மைகள் நின்றன. ஒரு சட்டை, ஒரு ஹெல்மெட், ஏறி இறங்கும் ஒரு கை, கையில் சிவப்புக் கொடி. வேலை முடிந்து ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகும் பொம்மை கொடியை ஆட்டிக்கொண்டிருக்கும். வண்டிகள் அதற்குக் கட்டுப்பட்டு நின்றுகொண்டே இருக்கும். உள்ளே தூங்கியவர்கள் விழித்துப் பார்த்து, இன்னும் ஊர் வரவில்லையா என்று கார் கம்பெனிகளைத் திட்டினார்கள். கம்பெனிகள், பொம்மையை அடையாளம் காண வண்டிகளுக்குக் கற்றுக்கொடுத்தன.

சிக்னல் அனுப்பி வண்டியை நிறுத்தும் பெட்டிகளும் கொஞ்ச காலம் இருந்தன. வழிப்பறிக்காரர்கள் அதே மாதிரிப் பெட்டி செய்து, கார்களை ஓடைப் பாலத்தில் நிறுத்தி நகைகளைக் கழற்றினார்கள். பெட்டிகளுக்குத் தடை வந்தது. கடைசியில் ஒரு சட்டம் போட்டார்கள். வேலை நடக்கும் இடத்தில் மனிதர் ஒருவர் கொடி பிடித்து நிற்க வேண்டும். அறிவிப்புப் பலகையைப் பார்த்தால் வண்டி கொஞ்சம் மெதுவாகும்; மனிதரைப் பார்த்தால் நிற்கும். ஆகவே சாலைக்கு ஓர் உடம்பு தேவைப்பட்டது. கயத்தாறுக்கு வடக்கே மேம்பால வேலை தொடங்கியபோது அந்த உடம்புகள் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தன. எல்லாம் பெண்கள்.

வடக்கு முனையில் செண்பகம். தெற்கு முனையில் சுந்தரி. நடுவில் தோண்டிப்போட்ட சாலை. அதில் ஒரு வண்டி போகும் அகலம் மட்டும் திறந்திருந்தது. ஒரு முனையில் விட்டால் மறுமுனையில் நிறுத்த வேண்டும். திறந்த பாதையை ஒட்டிய குழிக்குள் கான்கிரீட் ஆட்கள் குனிந்து வேலை செய்வார்கள். செண்பகத்தின் கணவன் தவசி அங்கேதான் ரோலர் ஓட்டினான். கொடி பிடிப்பவள் நிறுத்தத் தவறினால் குழிக்குள் இருப்பவர்களுக்கு ஓட இடம் கிடையாது.

இருவர் கையிலும் கறுப்புப் பட்டை ஒன்று கட்டியிருந்தார்கள். அது அதிரும்போது கொடியை உயர்த்த வேண்டும். மறுபடி அதிரும்போது இறக்க வேண்டும். கழுத்தைத் திருப்பக் கூடாது. வியர்வையைத் துடைக்கக் கூடாது. கால் மாற்றக் கூடாது. பேசக் கூடாது. நிற்க நிற்கப் பட்டை மார்க் போட்டுக்கொண்டே இருக்கும். தொடர்ந்து மூன்று மாதம் எழுபதுக்குக் கீழே வாங்குகிறவள் அடுத்த மாதம் வர வேண்டியதில்லை.

செண்பகத்துக்கு தினமும் நூறுதான். முன்பு கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டையில் தீக்குச்சி அடுக்கிய கை. சொன்ன இடத்தில் நிற்கும். சுந்தரிக்கு நாற்பது வந்தால் பெரிது. அவளால் சும்மா இருக்க முடியாது. வாக்கி-டாக்கியில் அவள் குரல் ஓயாது.

“எக்கா, ஒரு வெள்ளெலிக் காரு வருது. மூஞ்சியப் பாரு, சீர்வரிசை பத்தலன்னு கோவிச்சுக்கிட்டுப் போற மாப்பிள்ளை மாதிரி.”

“பேசாதட்டி. மார்க் போயிரும்.”

“போவட்டும். வண்டி நிக்குதுல்லா.”

அவள் அனுப்பும் வரிசையில் கடைசி வண்டியின் வைப்பரில் ஒரு வேப்பங்கொப்பைச் செருகிவிடுவாள். கொப்பு வந்து சேர்ந்தால் பாதை காலி என்று செண்பகத்துக்குத் தெரியும். டிரைவர்கள் இருந்த காலத்துப் பழக்கம் அது. கொப்பு ஒடிக்க நகர்ந்ததற்கும் பட்டை மார்க்கைக் குறைத்தது.

இரண்டு மாதம் எச்சரிக்கை விட்டார்கள். அதன் பிறகு சுந்தரி மாறினாள். முதலில் பாட்டு நின்றது, பிறகு பேச்சு நின்றது.

“எக்கா, கை மரத்துப்போவுது,” என்றாள் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில். “மரத்த பொறவு நல்லா வருது. இன்னைக்கு எம்பது.”

கடைசி நாள் காலை முழுவதும் வாக்கி-டாக்கியில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு தெற்கே குழிக்குள்ளிருந்து ஆட்கள் கத்தினார்கள்.

*

கன்டெய்னரில் செண்பகம் இன்னொன்றும் சொன்னாள்.

“எனக்கும் இப்ப வண்டி முன்ன மாதிரி நிக்க மாட்டங்கு சார். முன்னல்லாம் அந்தா தூரத்துல முள்ளு மரம் நிக்குல்லா, அந்த உடைமரத்துப் பக்கத்துலயே நின்னுரும். இப்ப கொடித்துணி வண்டி மேல படுத மட்டுக்கும் வருது.”

“உனக்கு தினம் நூறு வருது. அப்புறம் எப்படி?”

“நூறு எனக்குல்லா சார் போடுதிய. வண்டிக்கா போடுதிய?”

நிரஞ்சன் எழுந்தான். “இங்க உக்காந்து பேசிப் பிரயோஜனம் இல்ல. நானே போய் நிக்கிறேன். எல்லாரும் பாருங்க.”

அவன் கெட்டவன் இல்லை. தன் வண்டியை நம்பினான். அவ்வளவுதான்.

சுந்தரியின் இடத்துக்குப் போகாமல் வடக்கு முனையிலேயே நின்றான். ஹெல்மெட் கண்ணை மறைத்தது, தூக்கிவிட்டான். வெயில் கூசியது, கையால் நெற்றியில் கூரை போட்டான். ஒரு கன்டெய்னர் லாரி வந்ததும் இரண்டடி பின்னால் போனான். கொடி இருந்த கையாலேயே கழுத்தைச் சொறிந்தான். ஷூவுக்குள் கல் போய்விட்டது போல. ஒற்றைக் காலில் நின்று உதறினான். நடுவில் போன் வந்தது, எடுத்துப் பேசினான். ஒருமுறை சிவப்புக்குப் பதில், வண்டியை விடும் பச்சைக் கொடியைக் காட்டினான்.

எல்லா வண்டிகளும் உடைமரத்துப் பக்கமே நின்றன.

“சார் நல்லா ஆடுதாரு,” என்றான் ரோலர் மேலிருந்து தவசி. “கொட்டு மட்டும்தான் பாக்கி.”

நிரஞ்சன் வியர்த்து வழிந்தபடி திரும்பி வந்தான். “பாத்தீங்களா? ஒண்ணாவது நிக்காமப் போச்சா? பிரச்சினை வண்டியில இல்ல. நிக்கிற ஆள்ல.”

“சார்,” என்றாள் மெர்சி, தன் ஷூவிடம். “நீங்க ஒண்ணுமே சரியாச் செய்யல.”

“என்னம்மா?”

“கைப்பட்டை போட்டிருந்தீங்கன்னா உங்களுக்குப் பத்து மார்க்கூட வந்திருக்காது. ஆனா எல்லா வண்டியும் நின்னுச்சு.”

செண்பகம் அவன் கையிலிருந்து கொடியைப் பிடுங்கிக்கொண்டு இடத்துக்குப் போனாள்.

பட்டை அதிர்ந்தது. கொடியை உயர்த்தினாள். முதுகு நேராக, கழுத்து அசையாமல், தினமும் நிற்பதுபோல நின்றாள். ஒரு வெள்ளைக் கார் வந்தது. உடைமரத்தைத் தாண்டியது. வேகம் குறையவில்லை. முதல் கோனைத் தாண்டியது. அவள் கால் தானாகப் பின்னால் போனது. அதன் பிறகுதான் கார் பிரேக் போட்டது. கொடித்துணி அதன் கண்ணாடியில் கிடந்தது. உள்ளே ஒருவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

செண்பகம் கொடியைக் கீழே எறிந்தாள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி கார் மேல் வீசினாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

“கண்ணு அவிஞ்சு போச்சால உனக்கு? இப்படித்தானல அவளும் நின்னா! நீ சொன்ன மாதிரியெல்லாம் நின்னாளேல! பாருல, நான் ஆளு! அவளும் ஆளுதாம்ல!”

மறுபடி குனிந்தாள், அள்ளினாள், வீசினாள், தலையில் அடித்துக்கொண்டாள். பின்னால் வந்த வண்டிகள் உடைமரத்துக்கும் முன்னாலேயே வரிசையாக நின்றன. அவ்வளவு தூரத்தில் அவை இதுவரை யாருக்கும் நின்றதில்லை.

நிரஞ்சன் போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

*

மறுநாள் மெர்சி, செண்பகத்தைக் கன்டெய்னருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். தார்ப்பாய்க்கு அடியில் பழைய மோட்டார் பொம்மை ஒன்று கிடந்தது. இருவரும் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். மூக்கு உடைந்திருந்தது. யாரோ மீசை வரைந்திருந்தார்கள்.

“உங்க பட்டையைக் கழட்டித் தாங்க அக்கா.”

மெர்சி அதைப் பொம்மையின் மணிக்கட்டில் கட்டினாள். ஜெனரேட்டரில் வயரைச் செருகினாள். பொம்மையின் கை ஏறியது, இறங்கியது.

“என்ன செய்யுத?”

“கொஞ்சம் பொறுங்க.”

பொம்மை கொடி காட்டியது. செண்பகம் அதன் சட்டையில் ஒட்டியிருந்த பல்லி முட்டையைத் தட்டிவிட்டாள். சற்று நேரம் கழித்து மெர்சி லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினாள். அதில் செண்பகவல்லி என்று போட்டு, பக்கத்தில் நூறு என்று இருந்தது.

“இந்தப் பொம்மையைச் செஞ்ச கம்பெனிதான் அக்கா இந்தப் பட்டையையும் செஞ்சுது. மனுஷங்க எப்படிக் கொடி காட்டுவாங்கன்னு பாத்துப் புதுசா செய்ய யாரும் மெனக்கெடல. பொம்மையோட மோட்டாருக்கு ஒரு தாளம் வச்சிருந்தாங்க. அதையே எடுத்து உங்க கையில கட்டிட்டாங்க.”

“அப்ப நான் வாங்குன நூறு?”

“இந்தப் பொம்மை மாதிரி அச்சு அசலா நிக்கிறீங்கன்னு அர்த்தம். வண்டி இதை எத்தனையோ ரோட்டுல பாத்திருக்கு. இதை இடிச்சா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு அதுக்குச் சொல்லிக்கொடுத்திருக்காங்க. நீங்க எவ்வளவுக்கு எவ்வளவு நல்லா நிக்கிறீங்களோ, அவ்வளவுக்கு அவ்வளவு அதுக்கு நீங்க ஆளா தெரிய மாட்டீங்க.”

செண்பகம் பொம்மையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நாப்பது வாங்குனப்ப அவளுக்கு எல்லா வண்டியும் நின்னுச்சு,” என்றாள்.

“ஆமா அக்கா.”

“அது பத்தாதுன்னுதான அவளை மெரட்டுனாக.”

மெர்சி தலையசைத்தாள். பொம்மையின் கை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. செண்பகம் வயரைப் பிடுங்கிப் போட்டாள்.

மெர்சி இதை மேனேஜரிடம் சொல்ல ஒரு பகல் முழுக்கத் தைரியம் சேர்க்க வேண்டியிருந்தது. சொன்னாள். பொம்மையை ஓட்டியும் காட்டினாள். மேனேஜர் நிரஞ்சனைக் கூப்பிட்டார். நிரஞ்சன் பெங்களூரைக் கூப்பிட்டான். திரும்பி வந்து, மெர்சி சொன்னது சரி என்றே சொன்னான்.

“ஆனா வண்டிகளை மாத்தணும்னா ஒவ்வொரு கம்பெனியும் மாத்தணும். ஒவ்வொரு மாநிலமும் அனுமதி தரணும். வருஷக்கணக்குல ஆகும். மனுஷங்களை மாத்துறது ஈஸி. ஒரு நாள் போதும்.”

தான் சொன்னது என்ன என்று அவனுக்குத் தெரியவில்லை.

“அதுவரைக்கும் கோனுக்கு முன்னால ரோலரை நிறுத்தலாம் சார்,” என்றாள் மெர்சி. “தெற்கு முனையில தண்ணி லாரி. வண்டி வந்தா முதல்ல இரும்பு இருக்கட்டும். ஆள் ஓரமா நிக்கட்டும். எப்பவுமே அப்படித்தான் இருந்திருக்கணும்.”

மேனேஜர் சிரித்தார். “ரோலர் வேலை செய்யணுமா, காவல் காக்கணுமா? வாடகை ரோலர்ம்மா அது. ஒரு கீறல் விழுந்தா யாரு பதில் சொல்றது?”

“கீறல்,” என்றாள் வாசலில் நின்ற செண்பகம்.

*

புதுப் பாடம் பழைய பட்டையிலேயே வந்து இறங்கியது. மனித அசைவுப் பயிற்சி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

முதல் அதிர்வுக்குக் கொடி உயர்த்த வேண்டும். இரண்டாவதற்குக் கால் மாற்ற வேண்டும். பிறகு ஒரு நீண்ட அதிர்வு. அதற்கு என்ன செய்வதென்று ஹெல்மெட்டுக்குள் ஒரு பெண் குரல் சொன்னது: குனியவும், மண் அள்ளவும், முன்னால் வீசவும், தலையில் அடித்துக்கொள்ளவும்.

செண்பகத்துக்கு முதலில் புரியவில்லை. மெர்சியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

“இது நான்லா.”

“அன்னிக்கு சார் எடுத்த வீடியோ அக்கா. உங்களுக்கு நின்ன மாதிரி வண்டிங்க யாருக்கும் நிக்கலயாம். அதான் அதையே மாதிரியா வச்சிட்டாங்க. இன்னிக்கு மாநிலம் முழுக்க எல்லாப் பட்டையிலயும் ஏத்தியாச்சு.”

“அவளுக்காக அடிச்சுக்கிட்டேன் தாயி.”

“தெரியும் அக்கா.”

“அதுக்கும் மார்க்கா?”

வாக்கி-டாக்கி கரகரத்தது. சுந்தரியின் இடத்தில் இப்போது தவசியின் தங்கை பூமாரி நின்றாள். கல்யாணம் ஆகி ஒரு வருடம்கூட ஆகாதவள்.

“மதினி, என்னத்துக்கு மண்ணள்ளிப் போடச் சொல்லுதாக? சாமியாட வச்சுப் பாக்கதுக்கா?” என்று சிரித்தாள். “ஆனா நல்லா நிக்குது. எல்லாம் அங்கனயே நிக்குது.”

உண்மையில் நன்றாகத்தான் நின்றன. மேனேஜர் இனிப்பு வாங்கிவரச் சொன்னார். மெர்சி மட்டும் நிரஞ்சனை போனில் கூப்பிட்டுக் கேட்டாள். “எத்தனை நாளைக்கு சார்? மாநிலம் முழுக்க ஒரே நேரத்துல, ஒரே மாதிரி மண்ணள்ளிப் போட்டா, அதுவும் ஒரு தாளம்தானே?”

“நாங்க மாத்தினாத்தான் அனுமதி வேணும். அது தானா கத்துக்கிற வண்டி மேடம்,” என்றான் அவன். “கத்துக்காதுன்னு நான் சொல்ல முடியாது.”

ஆடி பிறந்து காற்று பலமானபோது, வண்டிகள் உடைமரத்தைத் தாண்டி நிற்கத் தொடங்கின. சில நாள் கழித்து முதல் கோன் வரைக்கும் வந்தன. செண்பகம் அன்று கொடியை எடுக்கவில்லை. நேராகக் கன்டெய்னருக்குப் போனாள்.

“ரோலர் வந்தாத்தான் நிப்பேன் சார். தெக்க தண்ணி லாரி வந்தாத்தான் பூமாரி நிப்பா.”

“நீ நிக்கலன்னா நிக்கிறதுக்கு ஆள் இருக்கு.”

“இருக்கும். அவளுக்கும் இதேதான் சொல்லுவேன்.”

மேனேஜர் மெர்சியைப் பார்த்தார். “இதெல்லாம் நீ ஏத்திவிட்டதா?”

மெர்சி ஷூவைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். “சார், இடம் பாதுகாப்பா இருக்குன்னு காலையில நான் சொன்னாத்தான் வேலை ஆரம்பிக்க முடியும். நான் சொல்ல மாட்டேன்.”

அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. வெளியே ரோலர் சத்தம் கேட்டது. தவசி யாரையும் கேட்காமல் அதை வடக்கு முனைக்கு ஓட்டிக்கொண்டு போய், பாதைக்குக் குறுக்கே நிறுத்திவிட்டான். முன்னால் ஒரு வேப்பங்கொப்பையும் செருகியிருந்தான். வண்டி விட வேண்டுமானால் ரோலர் பின்னால் போகும். நிறுத்த வேண்டுமானால் முன்னால் வரும்.

மேனேஜர் சத்தம் போட்டார். வேலை ஏற்கனவே தாமதமாகியிருந்தது. கடைசியில், “ஒரு நாள். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பாப்போம்,” என்றார். தெற்கே தண்ணி லாரியையும் அனுப்பச் சொன்னார்.

செண்பகம் ரோலருக்குப் பக்கத்தில், ஓரமாக நின்றாள். பாதை காலியாவதற்காக இரு முனைப் பட்டைகளும் ஒன்றாக அதிர்ந்தபோது கொடி உயர்த்தினாள், கால் மாற்றினாள், குனிந்து மண் அள்ளினாள். முதல் வண்டி உடைமரத்துப் பக்கம் நின்றது. இரண்டாவதும் அங்கேயே நின்றது.

மேனேஜர் முகம் மலர்ந்தது. “பாத்தியா? நேத்து மழைத் தூத்தல்ல ஏதோ தடுமாறியிருக்கு. பயிற்சி வேலை செய்யுது. தவசி, ரோலரை எடுத்துட்டுப் போய் வேலையைப் பாரு.”

“ஒரு நிமிஷம் சார்,” என்றாள் மெர்சி. முதல் வண்டியின் பதிவை அனுப்பச் சொல்லி நிரஞ்சனிடம் கேட்டிருந்தாள். அது இப்போதுதான் அவள் போனுக்கு வந்தது. பார்த்தாள். பேசாமல் மேனேஜரிடம் நீட்டினாள்.

வண்டியின் கண் பார்த்த சாலை. நடுவில் ரோலரைச் சுற்றி ஒரு பெரிய சிவப்புக் கட்டம்: ‘கனரக இயந்திரம். மோதினால் வண்டிக்குச் சேதம். நிற்க.’ அதன் பக்கத்தில், மண் அள்ளக் குனிந்த உருவத்தைச் சுற்றி ஒரு சிறிய சாம்பல் கட்டம். பொம்மை. உறுதி 99.

“என்ன போட்டிருக்கும்மா?” என்று கேட்டாள் செண்பகம்.

மெர்சி அவளை நிமிர்ந்து பார்த்தாள். செண்பகத்துக்கு அந்த முகம் போதுமாக இருந்தது. வாக்கி-டாக்கியை அழுத்தினாள்.

“பூமாரி, தண்ணி லாரி நிக்குதா?”

“இல்ல மதினி. கான்கிரீட்டுக்குத் தண்ணி ஊத்தணும்னு மேனேஜர் சொன்னாகளாம், லாரிக்காரன் அப்பமே எடுத்துட்டுப் போயிட்டான். நான் மண்ணள்ளிப் போட்டுட்டுதான்—”

“கொடியைப் போடு. ஓரத்துக்கு ஓடு. ஓடுட்டி!”

வாக்கி-டாக்கி இரைந்தது. பிறகு இரைச்சலும் நின்றது. தவசி ரோலரிலிருந்து குதித்துத் தெற்கே ஓடத் தொடங்கினான். குழிக்குள் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு வெள்ளை வேன் அவர்களைத் தாண்டி வந்து, ரோலரைக் கண்டதும் தூரத்திலேயே நின்றது. அதன் முன்பக்கத்தில் நசுங்கிய ஆரஞ்சுக் கோன் ஒன்று சிக்கியிருந்தது.

“மதினி.” பூமாரிக்கு மூச்சு வாங்கியது. “மதினி, நான் ரோட்டோர ஓடைக்குள்ள கெடக்கேன். நான் நின்ன எடத்து மேலயே வேன் போயிட்டு. நிக்கவே இல்ல மதினி.”

“அங்கனயே இரி. உங்க அண்ணன் வாராக.”

செண்பகம் கைப்பட்டையைக் கழற்றினாள். மேனேஜர் முன்னால் போய் நின்று உள்ளங்கையை நீட்டினாள்.

“இந்தாங்க சார். தெக்க நிக்க ஆளில்ல.”

அவர் அதை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அதில் கிடந்த பட்டை நீளமாக அதிர்ந்தது. மண் அள்ளும் நேரம்.